மோட்டார் நடுக்கத்தை எக்ஸெல்லில் படிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் தொகுப்பினை வீட்டு வரவு செலவுக் கணக்கிற்கும், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டியவர்களின் பட்டியல் தயாரிக்கவும் மட்டுமே பயன்படுத்துகின்றனர். அதே எக்ஸெல்லுடன் ஒரு பழைய மொபைல் போனும் இருந்தால், தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், மாவு மில் போன்ற சுழலும் இயந்திரங்களில் கோளாறு எங்கே இருக்கிறது என்று ஓரளவு தெரிந்து கொள்ளலாம். பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்று தனிக் கருவிகளும் தனி ஆட்களும் உண்டு. வீட்டில் இருப்பதை வைத்து அதே வேலையை எந்த அளவிற்குச் செய்ய முடியும், எங்கே நிறுத்திக் கொள்ள வேண்டும் என்பதனை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இதனை நான் கற்றுக் கொண்டது அலுவலகத்தில் அல்ல. என் அப்பா ஊரில் மாவு மில் வைத்திருக்கிறார். 7.5 எச்.பி. மோட்டார், பெல்ட் வழியாக அரவைக் கல்லைச் சுற்றும். இந்த மோட்டாரில் பதினான்கு மாதங்களில் மூன்று முறை பேரிங் மாற்றினோம். இரண்டாவது முறை பேரிங் இறுகி, ரோட்டார் உரசி, காயிலும் எரிந்து போனது. அது பொங்கலுக்கு முந்தைய வாரம். பச்சரிசிப் பாத்திரங்களுடன் வந்தவர்கள் அடுத்த தெரு மில்லுக்குப் போனார்கள். அவர்களில் சிலர் பிறகு திரும்பி வரவே இல்லை. முதல் இரண்டு முறை ஏன் பேரிங் போனது என்பது யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது முறை மாற்றியதற்குக் காரணம் நான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்ணைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது

மோட்டாரின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். 1440 ஆர்.பி.எம். என்று இருந்தால் அது நிமிடத்திற்கு 1440 சுற்று. அறுபதால் வகுத்தால் விநாடிக்கு 24 சுற்று. சுழலும் பாகத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அது மோட்டாரை உலுக்கும். அதாவது விநாடிக்கு 24 உலுக்கல். இதனை 24 ஹெர்ட்ஸ் என்கிறோம். வீடுகளில் உள்ள மோனோபிளாக் பம்புகள் பெரும்பாலும் 2880 ஆர்.பி.எம். அளவில் ஓடுபவை, அவற்றிற்கு 48 ஹெர்ட்ஸ்.

எங்கள் மில்லில் மோட்டார் புல்லி 5 அங்குலம், கல் பக்கத்துப் புல்லி 10 அங்குலம். எனவே கல் பாதி வேகத்தில், விநாடிக்கு 12 முறை சுற்றும். பெல்ட்டின் கணக்கு வேறு. 5 அங்குலப் புல்லி விநாடிக்கு 24 முறை சுற்றினால் பெல்ட் விநாடிக்கு ஏறத்தாழ 9.6 மீட்டர் ஓடுகிறது. எங்கள் பெல்ட்டின் நீளம் 2.33 மீட்டர். வகுத்துப் பார்த்தால், பெல்ட் ஒரு முழுச் சுற்று வருவது விநாடிக்கு 4.1 முறை. பெல்ட்டில் ஓர் இடத்தில் விரிசலோ கட்டியோ இருந்தால் 4.1 ஹெர்ட்ஸிலும் அதன் இரு மடங்கான 8.2 ஹெர்ட்ஸிலும் அது தன்னைக் காட்டிக் கொடுக்கும்.

ஆக, 24 என்றால் மோட்டார், 12 என்றால் கல், 4.1 என்றால் பெல்ட். கையை வைத்துப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரே நடுக்கமாகத்தான் தெரியும். கோயிலில் நாதஸ்வரம், ஒத்து, தவில், தாளம் எல்லாம் ஒரே சமயத்தில் ஒலித்தாலும் நம் காது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிறது அல்லவா? நடுக்கத்தை அப்படிப் பிரித்துத் தரும் கணக்கிற்கு போரியர் அனாலிசிஸ் என்று பெயர். எக்ஸெல்லில் இது ஏற்கனவே இருக்கிறது. ஆனால் அதனைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

போனைத் தயார் செய்தல்

எல்லா ஸ்மார்ட் போன்களிலும் ஆக்ஸிலரோமீட்டர் என்ற சென்சார் உண்டு. போனைத் திருப்பினால் திரையும் திரும்புவது இதனால்தான். இந்த சென்சார் தரும் எண்களைப் பதிவு செய்ய, ஜெர்மனியின் ஆகன் நகரில் உள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக் கழகம் ஃபைஃபாக்ஸ் என்னும் அப்ளிகேஷனை இலவசமாக வழங்குகிறது. ஆண்ட்ராய்ட், ஐபோன் இரண்டிலும் இயங்கும். இன்ஸ்டால் செய்து திறந்தால் பல சோதனைகளின் பட்டியல் கிடைக்கும். அதில் ‘ஆக்ஸிலரேஷன் வித் ஜி’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். மேலே மூன்று புள்ளிகள் உள்ள மெனுவில் ‘டைம்டு ரன்’ என்று ஒன்று இருக்கும். அதில் 20 விநாடி கழித்துத் தொடங்கி 30 விநாடி பதிவு செய்யுமாறு அமைத்திடுங்கள். போனை வைத்துவிட்டு நாம் விலகி நின்று மெஷினை ஓட விடுவதற்கு இந்த இடைவெளி தேவை. மோட்டார் முழு வேகம் எடுக்க அதிக நேரம் ஆகும் என்றால் இன்னும் சில விநாடிகள் கூட்டிக் கொள்ளலாம்.

அதே மெனுவில் ‘அலோ ரிமோட் ஆக்ஸஸ்’ என்பதில் டிக் செய்தால் திரையின் கீழே ஒரு முகவரி தெரியும். போனும் கம்ப்யூட்டரும் ஒரே வைபை இணைப்பில் இருந்தால், அந்த முகவரியைக் கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசரில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். போனில் வரும் கிராப் அப்படியே மானிட்டரில் ஓடும். பதிவை அங்கிருந்தே எக்ஸெல் பைலாக இறக்கிக் கொள்ளலாம். கேபிள் தேட வேண்டியதில்லை.

மெஷின் நின்றிருக்கும்போது மட்டுமே போனை வைக்கவும், எடுக்கவும் வேண்டும். ஓடும் பெல்ட் பக்கத்தில் வேட்டி நுனி, துப்பட்டா, கை எதுவும் போகக் கூடாது. இதில் சமரசமே கிடையாது. இரட்டைப் பக்க டேப் கொண்டு போனை அழுத்தி ஒட்டுங்கள். சும்மா வைத்தால் போன் தானே துள்ளி, அந்தத் துள்ளலும் பதிவாகிவிடும். இன்னொரு விஷயம்: மோட்டார் சைக்கிள் எஞ்சின் போன்ற பலமான அதிர்வுகள் ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. எனவே புதிய போனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். மேஜை டிராயரில் தூங்கும் பழைய போன் போதும்.

முதல் பயிற்சிக்கு வாஷிங் மெஷின் நல்லது. துணி பிழியும்போது 800 ஆர்.பி.எம். என்றால் 13.3 ஹெர்ட்ஸில் ஒரு முனை எழ வேண்டும். அது வருகிறதா என்று பார்த்தாலே உங்கள் கணக்கு சரியா என்பது தெரிந்துவிடும்.

எக்ஸெல்லில் செய்ய வேண்டியவை

முதலில் பைல் மெனு சென்று, ஆப்ஷன்ஸ், ஆட் இன்ஸ் என்று போய், கீழே உள்ள ‘கோ’ பட்டனில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் சிறிய விண்டோவில் ‘அனாலிசிஸ் டூல்பேக்’ எதிரே டிக் செய்து ஓகே கொடுங்கள். இதன் பின்னர் டேட்டா டேபின் வலது ஓரத்தில் ‘டேட்டா அனாலிசிஸ்’ என்ற புதிய பட்டன் இருக்கும். இதை ஒரு முறை செய்தால் போதும்.

இப்போது போனில் இருந்து வந்த பைலைத் திறக்கவும். ஏ நெட்டு வரிசையில் நேரம், பி, சி, டி ஆகியவற்றில் மூன்று திசைகளின் அதிர்வு இருக்கும். டி என்பது போன் திரைக்கு நேர் செங்குத்தான திசை. தொடக்கத்தில் உள்ள ஓரிரு விநாடிப் பதிவை அழித்துவிடுங்கள். பிறகு டேட்டா அனாலிசிஸ் கிளிக் செய்து பட்டியலில் ‘போரியர் அனாலிசிஸ்’ தேர்ந்தெடுங்கள். இன்புட் ரேஞ்ச் கட்டத்தில் டி2 முதல் டி4097 வரை கொடுக்கவும். மொத்தம் 4096 எண்கள். அவுட்புட் ரேஞ்ச் எஃப்2.

ஏன் 4096? எக்ஸெல் இந்தக் கணக்கிற்கு 2-ஐத் தொடர்ந்து பெருக்கினால் வரும் 512, 1024, 2048 போன்ற எண்ணிக்கையை மட்டுமே ஏற்றுக் கொள்ளும். 4096 அதன் உச்ச வரம்பு. இரண்டிரண்டாகப் பிரித்துக் கணக்கிடும் குறுக்கு வழியை 1965-ல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்டார்கள். நேர் வழியில் போனால் 4096 எண்களுக்கு ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்திற்கும் மேலான பெருக்கல்கள். குறுக்கு வழியில் ஏறத்தாழ 49 ஆயிரம். உங்கள் கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் முடித்துவிடுவதன் ரகசியம் இதுதான்.

எஃப் வரிசையில் விசித்திரமான எண்கள் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், அவை காம்ப்ளெக்ஸ் எண்கள். ‘ஐ எம் ஏ பி எஸ்’ என்னும் பங்ஷனில் எஃப்2-ஐக் கொடுத்து, விடையை 2048-ஆல் வகுக்கும் பார்முலாவை ஜி2-வில் அமைத்துக் கீழே இழுத்து நிரப்புங்கள். இதுவே அதிர்வின் உயரம். எச் வரிசையில் ஹெர்ட்ஸ் வர வேண்டும். அதற்கு, போன் விநாடிக்கு எத்தனை முறை பதிவு செய்தது என்று தெரிய வேண்டும். 4095-ஐ, ஏ4097-க்கும் ஏ2-க்கும் உள்ள நேர வித்தியாசத்தால் வகுத்தால் அது கிடைக்கும். என் பழைய போனில் 200 வந்தது. எனவே ஒவ்வொரு படுக்கை வரிசைக்கும் 200 வகுத்தல் 4096, அதாவது 0.0488 ஹெர்ட்ஸ் கூடிக் கொண்டே போகும். எச்2-வில் பூஜ்யம். 248-ஆவது வரிசைக்கு வரும்போது 12 ஹெர்ட்ஸ்.

எச், ஜி வரிசைகளை 3 முதல் 2049 வரை தேர்ந்தெடுத்து ஸ்கேட்டர் சார்ட் போடுங்கள். 2-ஆவது வரிசையை விட்டுவிடுவதற்குக் காரணம், அங்கே புவி ஈர்ப்பு வந்து உட்கார்ந்திருக்கும். 2049-க்குக் கீழே உள்ளவை மேலே உள்ளவற்றின் கண்ணாடிப் பிம்பம், பயன் இல்லை. எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில் டேட்டா மெனு, ஸ்டாடிஸ்டிக்ஸ் என்று சென்றால் அங்கும் போரியர் அனாலிசிஸ் உண்டு.

நான் செய்த தவறு

முதல் முறை அளவெடுத்தபோது போனை மோட்டாரின் பின்பக்கத் தகர மூடியில் ஒட்டினேன். உள்ளே காற்றாடி இருக்குமே, அந்த மூடி. வசதியாகத் தட்டையாக இருந்தது. சார்ட்டில் 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பெரிய மலை எழுந்தது. இணையத்தில் படித்ததையும் இதையும் சேர்த்து, பேரிங் மறுபடி போகப் போகிறது என்று அப்பாவிடம் சொன்னேன். “சத்தம் எப்பவும் போலத்தானேடா இருக்கு” என்றார். இருந்தாலும், என்ஜினியர் மகன் சொல்கிறானே என்று மெக்கானிக்கை வரவழைத்தார். கழற்றிய பேரிங்கில் ஒரு கீறல் கூட இல்லை. புதியது போட்ட பிறகு அளவெடுத்தால் அதே மலை அதே இடத்தில் நின்றது.

நடுங்கியது தகரம். எந்தத் தகடும் தனக்கென்று ஒரு எண்ணில் அதிகம் ஆடும். எவர்சில்வர் தட்டைத் தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் ஒலிப்பதைப் போல. போனை வைக்க வேண்டிய இடம் பேரிங்கிற்கு மிக அருகில், கனமான வார்ப்பு இரும்பின் மீது. மூடி, பெல்ட் கார்டு, தகரத் தடுப்பு ஆகியவற்றின் மீது வைத்தால் வரும் எண்கள் அந்தத் தகரத்தைப் பற்றியவை.

12 ஹெர்ட்ஸ் சொன்னது

இடம் மாற்றி, பெல்ட் இழுக்கும் திசையை நோக்கித் திரை இருக்குமாறு ஒட்டி, மூன்று முறை அளவெடுத்துச் சராசரி போட்டேன். மோட்டாருக்குரிய 24 ஹெர்ட்ஸில் 0.30 மீட்டர்/விநாடி². கல்லுக்குரிய 12 ஹெர்ட்ஸில் 0.90. போன் இருந்தது மோட்டாரின் மேல்; ஆனால் அதிகம் உலுக்கியது கல் பக்கம்.

உறுதி செய்ய ஒரு எளிய சோதனை உண்டு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினோம். 12 ஹெர்ட்ஸ் சுத்தமாக மறைந்தது. ஆக மோட்டார் குற்றவாளி இல்லை. அடுத்து மெயின் சுவிட்சை அணைத்து, ப்யூஸைக் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டு, கல் பக்கத்துப் பெரிய புல்லியின் விளிம்பருகே ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்து, புல்லியைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். விளிம்பில் முழு வட்டம் விழவில்லை. ஒரு பக்கம் மட்டும் பிறை போலக் கோடு. புல்லியின் நடுத் துளை தேய்ந்து, மையம் விலகியிருந்தது.

அதன் பிறகு எல்லாம் விளங்கியது. மையம் விலகிய புல்லி ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட்டை ஒரு முறை இழுத்து ஒரு முறை தளர்த்தும். பெல்ட் படபடவென்று அடிக்கும். அப்பா அதை நிறுத்த மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி பெல்ட்டை இறுக்குவார். இறுக்கிய பெல்ட் மோட்டார் பேரிங்கை இரவு பகலாகப் பக்கவாட்டில் இழுக்கும். பேரிங் போகும். மாற்றுவோம். அப்பா மீண்டும் இறுக்குவார். பேரிங் கெட்டது உண்மை. ஆனால் அதைக் கெடுத்தது அடுத்த ஷாப்டில் இருந்தது. நாங்கள் வலிக்கிற இடத்திற்கே மருந்து போட்டுக் கொண்டிருந்தோம்.

லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி புஷ் அடித்து வாங்கி வந்தோம். மறுபடி அளவெடுத்தபோது 12 ஹெர்ட்ஸில் 0.17.

இந்த எண்கள் அதிகமா, குறைவா என்று எப்படி அறிவது? பொறியாளர்கள் வேகக் கணக்கில் பேசுவார்கள். நாம் பெற்ற அளவை 6.28-ஆலும் ஹெர்ட்ஸாலும் வகுத்து, 0.707-ஆல் பெருக்கி, 1000-ஆல் பெருக்கினால் மி.மீ./விநாடி கிடைக்கும். எங்கள் 0.90 என்பது 8.4, 0.17 என்பது 1.6. இயந்திர நடுக்கத்திற்கு ஒரு வரம்பு வேண்டும் என்று 1939-லேயே ஓர் அட்டவணை வெளியிட்டவர் ராத்போன் என்ற அமெரிக்கர். காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். நஷ்ட ஈடு கொடுக்கிறவர்களுக்குத்தானே முதலில் கவலை வரும்! ஐ.எஸ்.ஓ. 10816 என்ற பிற்காலத் தர விதியின் முதல் பாகத்தில், 15 கிலோவாட் வரையிலான சிறிய மோட்டார்களுக்கு உதாரணமாக 0.71 வரை மிக நன்று, 1.8 வரை நன்று, 4.5 வரை நெடுநாள் ஓட்டத் தகாது, அதற்கு மேல் ஆபத்து என்று கொடுத்திருந்தார்கள். 2016-ல் 20816 என்ற புதிய விதி அதன் இடத்தைப் பிடித்தது. அந்த விதி சொல்வது 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் கூட்டிய அளவு. நம் போனில் அவ்வளவு தூரம் தெரியாது. எனவே தோராயமாக ஒப்பிடத்தான் இது உதவும். இந்த அட்டவணையை விட, உங்கள் மெஷின் நன்றாக ஓடும் நாளில் எடுத்த சொந்த அளவையே நான் அதிகம் நம்புவேன். மூன்று மாதம் முன்பு 0.2 இருந்தது இன்று 0.5 என்றால், அட்டவணை என்ன சொன்னாலும் ஏதோ மாறியிருக்கிறது.

போனுக்குத் தெரியாதவை

விநாடிக்கு 200 முறை பதிவு செய்யும் போன், அதில் பாதியான 100 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கும். அதற்கு மேல் உள்ளவை காணாமல் போனால் கூடப் பரவாயில்லை. சில சமயம் மாறுவேடத்தில் வரும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியுமே, அதே கதைதான். 150 ஹெர்ட்ஸ் நடுக்கம் 50 ஹெர்ட்ஸாகத் தோன்றலாம். எனவே உங்கள் மெஷினின் எந்தப் பாகத்திற்கும் பொருந்தாத எண்ணில் முனை வந்தால் உடனே முடிவுக்கு வராதீர்கள்.

இதைவிட முக்கியமானது, பேரிங்கின் ஆரம்பக் கோளாறு போனில் தெரியாது. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக் கழகம் 6205 என்ற வகை பேரிங்கில் வேண்டுமென்றே சிறு பள்ளம் போட்டு ஓட்டி, அந்தப் பதிவுகளை எவரும் இறக்கிக் கொள்ளும்படி இணையத்தில் வைத்தது. மிகச் சிறிய பள்ளத்தின் குறுக்களவு 0.18 மி.மீ.தான். அதைப் பிடிக்க அவர்கள் விநாடிக்கு 12,000 முறையும் 48,000 முறையும் பதிவு செய்தார்கள். குண்டு அந்தப் பள்ளத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் எழும் மெல்லிய ‘டிக்’ ஒலி ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் இருக்கும். என் போன் அதற்குச் செவிடு. பழைய மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் மீது வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்தக் காது என் எக்ஸெல்லை விட மேல். அதனால் போன் ‘எல்லாம் சரி’ என்று காட்டினாலும், கிறீச்சென்ற புதிய சத்தமோ வழக்கத்தை மீறிய சூடோ இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

புல்லியைச் சரி செய்து எட்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று, மில் திறக்கும் முன், கல்லில் அரிசி போடாமல் அப்பாவே அளவெடுத்து பைலை அனுப்பி விடுகிறார். போன் ஒட்டும் இடத்தில் பெயிண்டால் ஒரு கட்டம் வரைந்திருக்கிறார். இடம் மாறினால் எண்ணும் மாறும் என்பதை என்னை விட நன்றாகப் புரிந்து கொண்டவர். பேரிங் இன்னும் மாற்றவில்லை. 12 ஹெர்ட்ஸ் 0.17-லிருந்து 0.19-க்குள் அசையாமல் நிற்கிறது. ஆனால் போன மாதமும் இந்த மாதமும் 8.2 ஹெர்ட்ஸில் ஒரு சிறு முனை தலை காட்டுகிறது. பெல்ட்டின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஓர் இடத்தில் வெடிப்பு இருக்கிறதாம். மார்கழி பிறக்கும் முன் புது பெல்ட் மாட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.